வீடு பார்க்க வந்த ஞாயிறுகள்

கூட்டுக்குடும்பம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வாரம் பூங்காவில் நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்களே, ஒரே பந்தி, ஒரே பாய், பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளைகள் என்று. நான் பாதியில் எழுந்து போனேன். மூட்டு வலி என்றேன். பொய். நாம் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே ரயிலில் போனவர்கள், ஒரே மாதிரிப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியவர்கள். நீங்கள் பார்த்தது பொய் என்று சொல்லமாட்டேன். நான் பார்த்ததையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து வயது. பட்டாபிராமில், ராணுவக் கிடங்குக்குப் பிரிந்து போகும் சைடிங் தண்டவாளத்துக்குச் சற்றுத் தள்ளி எங்கள் வீடு. தாத்தா கட்டியது. ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுத மனுஷன் கடைசிக் காலத்தில் ஒரு மனை வாங்கி, முன்பக்கம் ஓடு, பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் என்று கிடைத்ததைக் கொண்டு எழுப்பினார். எதையும் எழுதிவைக்காமல் போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். இரண்டு குடும்பமும் அந்த ஒரே கூரைக்குக் கீழ்.

சண்டை அதற்கு இரண்டு வருடம் முன்பே கரண்டில் ஆரம்பித்தது. அப்பா தன் பெயரில் மின் இணைப்பு வாங்கினார். பெரியப்பா பக்கத்துக்கு ஒரு ஒயர் இழுத்துவிடச் சொன்னதற்கு முடியாது என்றார். மறுநாள் காலையில் கிணற்று ராட்டினம் மொட்டையாக நின்றது. கயிற்றைப் பெரியம்மா கழற்றிக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பக்கம் பல்பு, அவர்கள் பக்கம் கயிறு. அம்மா வேறு கயிறு வாங்கிவந்தாள். அதன்பிறகு கூடத்துக்கு நடுவே தென்னங்கீற்றுத் தட்டி வந்தது. சமையலறையில் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இரண்டாவது அடுப்பு வந்தது.

இரண்டு வருடம் அம்மாவும் பெரியம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதையெல்லாம் பூனையிடம் பேசினார்கள். "தின்னு, தின்னு. அடுத்தவன் சொத்துதானே, நோவுதா?" என்று பெரியம்மா பூனையைத் திட்டினால் அது எங்களுக்கு. அம்மா பதிலுக்குப் பூனை முதுகில் தண்ணீரைக் கொட்டுவாள். அந்தப் பூனை எந்தப் பக்கமும் நிம்மதியாகப் படுத்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சண்டையில் எனக்குப் பறிபோனது அக்கா. பெரியப்பாவின் ஒரே மகள். பதினாறு வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். நான் அவள் இடுப்பில் வளர்ந்தவள். தட்டி வந்த அன்று அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, "அந்தப் பக்கம் தல திருப்பினே, கால ஒடிச்சிடுவேன்" என்றாள். அந்தப் பக்கமும் அதே கட்டளை போயிருக்க வேண்டும். அக்கா கிணற்றடியில் என்னைக் கடந்து போகும்போது குடத்தைத்தான் பார்ப்பாள்.

அப்பாவுக்கு ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பெரியப்பாவுக்கு அக்காவைக் கட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்வது என்று இருவரும், தெருவில் நின்றபடியே, முடிவு செய்தார்கள். இரண்டு வருடத்தில் அண்ணன் தம்பி ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

தரகர் சைக்கிளில் வந்தார். வெற்றிலை வாய், கைப்பிடியில் மாட்டிய குடை. வீட்டை ஒரு சுற்று வந்தார். தட்டியைப் பார்த்தார், இரண்டு அடுப்பைப் பார்த்தார், கிணற்றில் இரண்டு கயிற்றைப் பார்த்தார். தெருவில் போய்த் துப்பிவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னார்:

"நைனா, ஊடு பாக்க வர்றவன் சுவத்த பாக்கமாட்டான். சனத்த பாப்பான். ரெண்டு அடுப்பு எரியிற ஊட்ட எவன் வாங்குவான்? கோர்ட்டு, கேசுன்னு நெனச்சிகினு ஓடியே பூடுவான்."

"அதுக்கு இன்னா பண்ண சொல்றே?"

"தட்டிய பிரி. ஒரு அடுப்ப இடி. ஒரே கயிறு. பொம்பளைங்க ரெண்டு பேரும் சிரிச்சிகினு நிக்கணும். வர்றவன் போற வரைக்கும் போதும், அப்பால நீங்க வெட்டிகினாலும் எனக்கு இன்னா?"

எந்த அடுப்பை இடிப்பது என்று நான்கு நாள் சண்டை. இரண்டாவதாக வந்தது எங்களுடையது என்பதால் எங்களுடையதுதான் போக வேண்டும் என்றார் பெரியப்பா. அம்மா யாரையும் தொடவிடவில்லை. கடப்பாரையை எடுத்து அவளே இடித்தாள். கரி படிந்த களிமண் கட்டி ஒன்று தெறித்துப் பெரியம்மா காலடியில் விழுந்தது. பெரியம்மா அதைக் காலால் ஒதுக்கித் தள்ளினாள். அதுமுதல் அம்மா, அவர்கள் சமைத்து முடித்து அடுப்பை மெழுகிய பிறகுதான் உலை வைக்க முடிந்தது. பெரியம்மா வேண்டுமென்றே ஈர விறகை உள்ளே விட்டுவிட்டுப் போவாள். அம்மா கண் எரிய ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பாள்.

ஆள் வைத்து வெள்ளையடிக்க யாருக்கும் மனசு இல்லை. தன் காசில் மற்றவன் பாதியும் பளிச்சென்று ஆகிவிடுமே. கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி ஆளுக்கொரு பானையில் நீற்றினார்கள். பானை கொதித்து ஆவி பறந்த வாடை இன்னமும் என் மூக்கில் இருக்கிறது. தென்னை மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ். ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீர். அவரவர் பாதியை அவரவர் அடித்தார்கள். அம்மா நீலத்தைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டாள். காய்ந்ததும் பார்த்தால் கூடத்துச் சுவரில் தட்டி இருந்த இடத்தில் நேராக ஒரு கோடு. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் நீலம்.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, கட்சிக் கொடி மாதிரி கீது!"

மறுபடியும் முழுச் சுவர். இந்தமுறை ஒரே பானை. அம்மா ஏணியில், பெரியம்மா கீழே. கீழே நின்றவள் முகத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் எத்தனை தடவை சொட்டியது, அதில் எத்தனை தடவை தானாகச் சொட்டியது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும்.

பின்சுவரில் விரல் நுழையும் விரிசல். கந்தல் துணியைச் சுண்ணாம்பில் தோய்த்துத் திணித்து மேலே சாமிப் படக் காலண்டரை மாட்டினார்கள். சிவப்புத் தரையைத் தேங்காயெண்ணெய்த் துணியால் தேய்த்தார்கள். எதிர்வீட்டுக் கம்பவுண்டரிடமிருந்து ஒரு பிரம்பு நாற்காலி இரவல். டால்டா டப்பாக்களைக் கழுவிக் குரோட்டன்ஸ் நட்டு வாசலில் வரிசையாக வைத்தார்கள். கிணறு மட்டும் ஏமாற்ற முடியாததாக இருந்தது. சித்திரையில் அடித்தண்ணீர் ஒரு முழம் நிற்கும்; வாயில் வைத்தால் உப்பு. தரகர் அதற்கும் வழி சொன்னார். ஆள் வருகிற அன்று காலையில் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து கிணற்றில் கொட்டுவது. நாங்கள் எல்லாரும் சுமந்தோம். நானும் ஒரு சின்ன தவலையில் சுமந்தேன். கிணற்றில் தண்ணீர் இறைத்துப் பழகிய ஜனம், அன்று அதற்குள் ஊற்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் வருவார்கள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே முறத்தில் அரிசி பார்ப்பது போல உட்கார வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா வாயிலிருந்து "அக்கா" என்ற வார்த்தை வந்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. பெரியம்மாவுக்கு அந்த நேரம் ஒரு கொண்டாட்டம். வந்தவர்கள் எதிரில் "ஏம்மா, அவங்களுக்குக் காபி போட்டு எடுத்தாம்மா" என்று ஏவுவாள். அம்மா சிரித்துக்கொண்டே போய்ப் போட்டுக் கொண்டுவருவாள். பெரியம்மாவின் டம்ளரில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே அதைக் கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். வந்தவர்கள் "எவ்ளோ ஒத்துமை" என்பார்கள்.

தரகரின் இன்னொரு யோசனைதான் என்னைக் கெடுத்தது. "பொண்ணுங்க ரெண்டும் கொல்லையில ஒண்ணா ஒக்காந்துகினு இருக்கட்டும். பெர்சு சின்னதுக்குத் தல வாரட்டும். பாக்க லட்சணமா இருக்கும்."

முதல் ஞாயிறு அக்கா என் பின்னால் வந்து உட்கார்ந்ததும் எனக்கு முதுகு கூசியது. சீப்பு தலையில் பட்டது. பின்தலை முடியைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு காதருகில், உதடு அசையாமல்:

"பேன் புடிச்சிகீது. உங்கம்மா பாக்கறதில்லையா?"

"இல்ல."

"கணக்குல எவ்ளோ?"

"முப்பத்தஞ்சு."

"சீ, கழுத. விரல விட்டு எண்றியா இன்னும்?"

நான் சிரித்தேன். அவள் என் மண்டையில் சீப்பால் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கையில் சீயக்காயும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. உள்ளே தரகர் காலண்டருக்கு முன்னால் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு சுவரின் பலத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

வந்தவர்கள் தெருமுனை திரும்பியதும் பெரியம்மாவின் குரல் வரும். "போதும், எயிந்து வாடி." அக்கா அப்படியே எழுந்து போய்விடுவாள். ஒரு பக்கம் பின்னியிருக்கும், ஒரு பக்கம் விரிந்திருக்கும். அம்மா வந்து, பின்னியதையும் பிடுங்கி அவிழ்த்து, எண்ணெயைத் தடவி இழுத்து இழுத்து வாருவாள். "அவ கை பட்ட தல" என்பாள்.

முதலில் வந்தவர் வில்லிவாக்கத்துக் குமாஸ்தா. சுவர் சுவராகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்து ஒரு வயசான தம்பதி. கிடங்குக்குப் போகும் சரக்கு வண்டி சத்தம் ஆகாது என்றார்கள். அவர்கள் போகப்போக அப்பாவும் பெரியப்பாவும் பல்லைக் கடித்தார்கள். நான் மட்டும் அடுத்த ஞாயிற்றை எண்ணினேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் அக்கா எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்து முடித்தாள். எட்டு ஆரம்பித்திருந்தது.

நான்காவது ஞாயிறு ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்கு வீடு பிடித்துவிட்டது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, இங்கே அலமாரி வைக்கலாம், அங்கே ஊஞ்சல் போடலாம் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். தரகர் முகம் விரிந்தது. பெரியம்மா அக்காவைத் தண்ணீர் கொண்டுவர உள்ளே கூப்பிட்டாள். வாத்தியார் மனைவி கொல்லைக்கு வந்தாள். ஒல்லியான, சாதுவான பொம்பளை. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"தண்ணி நல்லா இருக்கேம்மா. கோடைக்கு வத்தாதா?"

அவர்கள் வாங்கிவிட்டால் இதுதான் கடைசி ஞாயிறு. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாத்தியார் மனைவி மீது இரக்கமோ, உண்மை மீது பக்தியோ இல்லை. அதை நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

"அது கெணத்துத் தண்ணி இல்ல," என்றேன். "காலைல குழாயில இருந்து ஊத்தினது. கீழ உப்பு. உள்ள காலண்டர் பின்னாடி சுவரும் ஒடஞ்சிருக்கு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்ல? பயந்துவிட்டாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். அன்று அக்கா திரும்பி வந்து பின்னலை முடிக்கக்கூட நேரமில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு கூடப் போடாமல் சுவரில் சாய்த்தார். மத்தியானம், அப்பாவுக்கு இரவு ஷிப்டு என்பதால் வீட்டில் இருந்தார். பெரியப்பாவும் சாப்பிட வந்திருந்தார்.

"உங்க ஊட்டுப் பொண்ணே அல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிகீது. கெணறு, விரிசலு, ஒண்ணு உடல. நான் இன்னாத்துக்கு வெயில்ல அலையணும்?"

"எந்தப் பொண்ணு?" என்றார் அப்பா.

"எனக்கு இன்னா தெரியும்? பொண்ணுன்னு சொன்னாரு வாத்தியாரு."

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே பெரியம்மா பக்கம் திரும்பினாள். இரண்டு வருடத்தில் பூனை இல்லாமல், நாடகம் இல்லாமல், நேராக அவளிடம் பேசினாள்.

"என் பொண்ணுக்குப் பத்து வயசு. அதுக்கு விரிசலும் தெரியாது, உப்பும் தெரியாது. வயசுக்கு வந்தது யாரு கீது இங்க? ஊடு வித்தா கல்யாணம் பண்ணிடுவாங்கன்னு யாருக்கு பயம்? சைடிங் பக்கம் தண்ணிக்குப் போறேன், வெறகுக்குப் போறேன்னு எவன பாத்துகினு வர்றாளோ, கேளு!"

அப்படி எவனும் இல்லை. அம்மா அந்த நிமிஷத்தில் உண்டாக்கினது அது. ஆனால் பெரியப்பா அதைக் கேட்டதும் இலையை விட்டு எழுந்தார். கிணற்றடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நனைந்த கயிறு.

"சொன்னியாடி?"

அக்கா பேசவில்லை.

"எவன்டி அவன்?"

அதற்கும் பேசவில்லை. முதல் அடியில் சுருண்டாள். பெரியம்மா தடுக்கவில்லை, "மானத்த வாங்கிட்டியேடி" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா, நேற்றுவரை அண்ணனை அடிக்கக் கை ஓங்கியவர், தன் பக்கத்து நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தரகர் சத்தமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் பளபளவென்று தேய்த்துவைத்த சிவப்புத் தரையில் அக்கா வழுக்கி வழுக்கி விழுந்தாள். எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு உள்ளே இழுத்துப்போய் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "அது அவங்க ஊட்டுச் சமாச்சாரம். நீ படி." அவள் என்னைக் காப்பாற்றியதாக நினைத்தாள். சாகும்வரை அப்படித்தான் நினைத்தாள்.

அதற்கப்புறம் எல்லாம் அவசரம். இல்லாத அந்த ஒருவனுக்குப் பயந்து, ஆடி பிறப்பதற்குள் கல்யாணத்தை முடிக்க ஓடினார்கள். தரகர் தனக்குத் தெரிந்த ஒருவருக்கே வீட்டை அடிமாட்டு விலைக்கு முடித்துக்கொடுத்தார். கேள்வி கேட்க யாருக்கும் தெம்பு இல்லை. அக்காவுக்குக் கிடைத்தவர் பூந்தமல்லிப் பக்கம் மரக்கடையில் வேலை செய்தவர். முதல் மனைவி இறந்து இரண்டு குழந்தை. முப்பத்தெட்டு வயது என்றார்கள். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. நாங்கள் அதற்குள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே சுவர் முழுக்க ஒரே மஞ்சள். எட்டாம் வாய்ப்பாட்டை நானாகவே மனப்பாடம் செய்தேன்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒருவர் சாவுக்கு ஒருவர் போகவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அக்காவைப் பதினைந்து வருடம் கழித்துப் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. முன்தலை நரைத்திருந்தது. முப்பத்தொன்றுதான் இருக்கும். நான்தான் கிட்டே போனேன். அவள் அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தில் எதுவும் அசையவில்லை. எனக்கு வேலை, கல்யாணம், குழந்தை என்று என்னென்னவோ உளறினேன். அவள் "ம்" என்று கேட்டுக்கொண்டாள். கடைசியில் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு வாத்தியார் பொண்டாட்டிகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

அவள் பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன். சின்னப் பொண்ணு, உன்ன ரெண்டு தட்டு தட்டி உட்டிருப்பாங்க. அடி வாங்கிகினே உன்ன பாத்தேன். நீ தூண புடிச்சிகினு நின்னே. சரி, பயந்துட்டா, அப்பால சொல்லுவான்னு நெனச்சேன். கல்யாணத்தன்னிக்குக் காலைல வரைக்கும் நெனச்சேன்."

"நான் சின்னப் பிள்ளை அக்கா. உன்கூட ஞாயித்துக்கிழம ஒக்காரணும்னுதான்..."

"இருக்கட்டும். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? அழட்டுமா?"

நான்தான் அழுதேன். அவள் சுற்றிலும் பார்த்தாள், ஜனங்கள் பார்க்கிறார்களே என்ற எரிச்சலோடு.

"கண்ண தொடச்சிக்க. என் ஊடு எங்க கீதுன்னு யாரயும் கேட்டுகினு வந்துடாத."

ஆவடி பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பை மடியில். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் ஏற வேண்டியதும் அதே பஸ்தான். கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஆவடி, ஆவடி, ஏறும்மா" என்றார். அக்கா நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன்.